சாமிமாட்டு வீட்டுக் கருப்பம்மாள்

எங்கள் ஊரில் கருப்பம்மாள் யார் வீட்டு ஆள் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: மாட்டு வீட்டு ஆள். மாடு வளர்க்கிற வீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டுக்குத் தலைவரே மாடுதான். கோயில் மாடு, செவலைக் காளை. ஒரு கொம்பு நேராக இருக்கும், இன்னொன்று யாரையோ கூப்பிடுவது போல வளைந்திருக்கும். அந்த மாட்டின் பொறுப்பில், அதன் குடும்பத்து ஆளாக, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுஷியை எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து சேர்த்துவிட்டார்கள். சேர்க்கும்போது எல்லோருக்கும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அன்றைக்கு யாரும் குடித்திருக்கவில்லை. டீ குடித்திருந்தார்கள், என் கடையில்.

என் கடை, ஊர் கூடும் மந்தையை ஒட்டி இருக்கிறது. மந்தையில் கூட்டம் நடக்கும்போது, கூப்பிட்டாலொழியப் பொம்பளைகள் உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. கடைக்குள் நிற்கக்கூடாது என்று கட்டுப்பாடு இல்லை. ஆகையால் இந்த ஊரில் நடந்த அத்தனை நியாயத்தையும் அநியாயத்தையும் நான் பால் சட்டிக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஆம்பளைகள் கூடிப் பேசினால் விவகாரம், நாங்கள் நாலு பேர் கூடிப் பேசினால் பொரணி. அதையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள்.

மேல்மந்தைக்கு நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். கொடைக்கானலிலிருந்து கிளாவரை போகிற ரோட்டில் பாதியில் பிரிந்து, ஜீப் மட்டும் போகிற தடத்தில் வர வேண்டும். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, குளிர். இந்த ஐந்தும்தான் எங்கள் வெள்ளாமை. முதல் நான்கும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விடும், ஐந்தாவதை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊரில் ஒரு வீடு என்றால் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டு என்றால் ஒரு ஆம்பளை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், ஒவ்வொரு தலைக்கட்டும் ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து நாச்சியம்மன் கோயில் முன்னால் வரிசையில் வைக்க வேண்டும். கல் வைத்தவனுக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் முறை, கிடா வெட்டினால் கறியில் பங்கு, கூட்டத்தில் பேச வாய். கல் இல்லாதவன் ஊரில் இருக்கலாம், செத்தால் தூக்கவும் வருவோம். ஆனால் அவன் கணக்கில் இல்லை.

அந்த வரிசையில் கடைசிக் கல் சாமிமாட்டுக்கு. எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. மாட்டுக்கு ஒரு கல், மாட்டுக்கு ஒரு தண்ணீர் முறை, கறியிலும் ஒரு பங்கு. மாடு கறி தின்னாதே என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பங்கைப் பூசாரி ராஜமுருகன் வாங்கிப்போய் மாட்டுக்குப் பதிலாகத் தின்பார். பக்தியோடுதான் தின்பார்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஊரில் எதைப் புதிதாக முடிவு செய்தாலும் கல் வைத்த அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தர் மறுத்தாலும் காரியம் நிற்கும். ஆம்பளைகள் தலையை ஆட்டுவார்கள். மாட்டுக்கு மஞ்சள் தண்ணி தெளிப்பார்கள். ஆட்டின் மேல் தண்ணி தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். துலுக்குவது என்பார்கள். எங்கள் ஊரில் மாட்டைத் துலுக்குவோம். எனக்கு விவரம் தெரிந்து எங்கள் மாடு ஒரு காரியத்துக்கும் மறுப்புச் சொன்னதில்லை. தண்ணி பட்டதும் தலையிலிருந்து வால் வரைக்கும் சிலிர்க்கும். எவ்வளவு அனுசரணையான சாமி என்று நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

இனிக் கருப்பம்மாளுக்கு வருகிறேன். கிளாவரையில் பிறந்து, எங்கள் ஊர் வெள்ளையனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். குட்டையான உடம்பு, பெரிய கை, வெள்ளாமையில் கெட்டிக்காரி. அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. ஊர் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்வாள். “ஊர் சொன்னா சரிங்க” என்று எல்லோரும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போகிறோம். கட்டுப்பாடு என்றால் அப்படித்தானே? இவள் மெய்யாகவே செய்து தொலைப்பாள்.

கொரோனா வந்தபோது ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று பெரியதனம் அழகுமலை சொன்னார். பெரியதனம் என்றால் ஊருக்குத் தலைவர். மறுநாளே அவர் மச்சான் கொடைக்கானலுக்குப் போய்ப் பன் வாங்கிவந்தான். கருப்பம்மாளின் பூண்டுத் தாக்கு, அவளுக்கு இருந்த அந்த ஒரு துண்டு நிலம், எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. இந்தப் பக்கத்துப் பூண்டைப் பிடுங்கினாள். அந்தப் பக்கத்துப் பூண்டை எல்லைக் கல்லருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுமாடு வந்து மிதித்து உழப்பிவிட்டுப் போயிற்று. “ஏக்கா, ரெண்டு எட்டு வச்சா ஆச்சே!” என்று நான் கத்தினேன். “ஊர் சொன்னதுக்குப் பொறகு எப்படித்தா?” என்றாள். ஊரே சிரித்தது. எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

வெள்ளையன் மஞ்சக்காமாலையில் போனான். ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள் பாண்டிச்செல்வி, அட்டுவம்பட்டியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். அந்த அறையில் இன்னொருத்தர் படுக்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் நின்றுகொண்டு தூங்க வேண்டும். ஆகவே கருப்பம்மாளுக்கு இருந்தது அந்தப் பூண்டுத் தாக்கும் அதற்கு வரும் தண்ணீர் முறையும்தான். தண்ணீர் போனால் பூண்டு போகும், பூண்டு போனால் அவளுக்கு இந்த மலையில் வேலை இல்லை. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவள் கொழுந்தன் வேலுச்சாமிக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

அந்தக் கார்த்திகையில் கருப்பம்மாள் ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து வரிசையில் வைத்தாள்.

“இது யாரு கல்லு?” என்று பெரியதனம் கேட்டார்.

“எங்க வீட்டுக் கல்லுங்க.”

“ஒங்க வீட்டுலதான் ஆம்பளை இல்லையே தாயி.”

“வீடு இருக்குதுங்களே.”

கூட்டம் சிரித்தது. பெரியதனம் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தால் அதை யோசிக்காமல் தூக்கிச் சுமக்கிறவர், அவ்வளவுதான். “ஆம்பளை இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது. ஒன் கொழுந்தன் வீட்டோட சேந்துக்க. தண்ணி முறையும் ஒன்னோடவே அந்த வீட்டுக்கு வந்துரும். வேலுச்சாமி ஒன்னைய விட்ருவானா?”

“மதினிக்குப் போகத்தான் எங்களுக்கு” என்றான் வேலுச்சாமி. மாட்டைத் துலுக்கி ஊர்ச் சம்மதம் வாங்கி, வாய்க்காலில் இரண்டாவது மடை போட்டுக்கொண்டவன் அவன். கேரட்டுக்குத் தண்ணி பாய்ச்சிவிட்டுப் போனால் வாய்க்காலில் தவளைகூட மிஞ்சாது. அதுவும் ஊருக்குத் தெரியும்.

கருப்பம்மாள் கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “ஊர் சொன்னா சரிங்க. கொழுந்தன் வீட்டோடதான் சேரணுங்களா, கல்லு வச்ச எந்த வீட்டோடயும் சேரலாங்களா?”

இது அவள் வழக்கம். ஒன்றைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக, அதன் மூலை முடுக்கெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியதனத்துக்கு டீ வேண்டியிருந்தது, என் கடைப் பக்கம் இரண்டு தடவை பார்த்துவிட்டார். “எந்த வீட்டோட வேணும்னாலும் சேந்துக்க தாயி. கல்லு இருக்கணும், ஆம்பளை இருக்கணும். அம்புட்டுத்தான்.”

அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அடுப்பு, அந்த அடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. யார் அடுப்பில் போய் இவள் சோற்றுக்கு நிற்பது? பார்த்துக்கொண்டே வந்து கடைசிக் கல்லுக்கு வந்தாள்.

“அப்பச் சாமிமாட்டு வீட்டோட சேந்துக்கிறேங்க.”

மந்தை குலுங்கிச் சிரித்தது. ராஜமுருகன் சிரித்தபடியே மஞ்சள் தண்ணியை எடுத்து மாட்டின் மேல் தெளித்தார். மாடு உடனே சிலிர்த்தது. “துலுக்கிருச்சுப்பா!” என்று ஒருத்தன் கத்த, தலைக்கட்டுகள் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்ட, பெரியதனம் “சேந்துக்க, சேந்துக்க” என்று கோலால் தரையைத் தட்டிவிட்டு டீக்கு வந்தார். கோல் தட்டினால் முடிந்தது. இனி அதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், மாடு உட்பட. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் வெள்ளனே கருப்பம்மாள் போய்க் கோயில் பக்கத்துக் கம்பத்திலிருந்து மாட்டை அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ராஜமுருகன் ஓடிவந்தார். “ஏத்தா, சாமிமாட்டை எங்க கொண்டு போற?”

“வீட்டுப் பெரியவரு வெளிய பனியில கெடந்தா நல்லாவா இருக்கு?”

அத்தனை வருஷமாக அது அந்தக் கம்பத்தில்தான் கிடந்தது. பனிக்காலத்தில் காலையில் அதன் முதுகில் உப்பைத் தூவியது போல உறைபனி படிந்திருக்கும். நாங்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குளிருது என்று கையைத் தேய்த்துக்கொண்டு போவோம். அதற்கும் குளிரும் என்று தோன்றியதில்லை. சாமியாயிற்றே.

கருப்பம்மாள் வீட்டோரத்தில் தகரம் சாய்த்துக் கொட்டகை போட்டாள். தவிட்டைச் சுடுதண்ணியில் கலந்து கொடுத்தாள். வெள்ளையன் போர்த்திக்கொண்டிருந்த கருப்புக் கம்பளியை எடுத்து அதன் முதுகில் போட்டு, வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். ஊரில் அதைப் பற்றி அசிங்கமாகப் பேசினார்கள். நானும் போய்க் கேட்டேன். “ஏக்கா, அண்ணன் போத்துன கம்பளியவா மாட்டுக்குப் போடுவ?”

“அவரு போயிட்டாரு. கம்பளி கெடக்கு. இவருக்குக் குளுருது” என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவள் பேச்சே அப்படித்தான். மேலே ஒரு வார்த்தை பேச இடம் இருக்காது.

மார்கழியில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். மாட்டு வீட்டுக்கு ஆள் வந்து பழக்கமில்லை. கருப்பம்மாள் மண்வெட்டியோடு வந்து நின்றாள். சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுப்பது வழக்கம். மாட்டு வீட்டு அரிசி முதலில் வந்து நின்றது. கிடாக் கறி பங்கு போட்டபோது மாட்டுப் பங்கையும் வந்து வாங்கிக்கொண்டாள். ராஜமுருகன் வெறும் தூக்குவாளியோடு வீட்டுக்குப் போனார். அவர் பெண்டாட்டி அன்றைக்குச் சாம்பார் வைத்தாள். அந்தச் சாம்பாரை அவர் கருப்பம்மாளுக்கு மன்னிக்கவே இல்லை. மாட்டு வீட்டு முறையில் அவள் பூண்டுக்குத் தவறாமல் தண்ணி பாய்ந்தது. கத்தி கத்தியாய்ப் பச்சை ஏறி நின்றது. அதை வேலுச்சாமி தினமும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

அவள் மகள் போன் போட்டாள். என் கடையில்தான் சிக்னல் கிடைக்கும். “அம்மா, நீ மாட்டு வீட்டுல சேந்துட்டியாமே! இங்க ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிகூடக் கேக்குறாங்க. ஷேமா இருக்கும்மா.”

“அவரு நல்ல மாதிரித்தா. சத்தம் போட மாட்டாரு” என்றாள் கருப்பம்மாள்.

தை பிறந்ததும் மாசித் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கூட்டம் கூடியது. தலைகள் ஆடின. மாட்டைக் கொண்டுவந்தார்கள். முதுகில் கம்பளி, வயிற்றில் சுடுதண்ணித் தவிடு, கண்ணில் ஒரு நிம்மதி. ராஜமுருகன் தண்ணி தெளித்தார். மாடு அவர் கையை நக்கியது. இன்னொரு தடவை தெளித்தார். மாடு அசை போட்டது. கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஏனென்றால் இப்படி நடந்ததே இல்லை. சாமிக்கு அந்த நாள் பிடிக்கவில்லை என்று வேறு நாள் பார்த்தார்கள். அதற்கும் துலுக்கவில்லை. அடுத்த நாளுக்கும் துலுக்கவில்லை. சாமிக்கு மாசி மாதமே பிடிக்கவில்லை என்று ஒருத்தர் சொன்னார். பங்குனிக்கும் மாடு அசை போட்டது.

இதற்கிடையில் கொடைக்கானலில் இருந்து கோகுல்ராஜ் என்று ஒரு பையன் வந்தான். மாட்டுக்குப் புல் விளையும் பொதுநிலத்தில் டூரிஸ்டுகளுக்குக் கூடாரம் போடப்போகிறானாம். எல்லாத் தலைக்கட்டும் சம்மதம் சொல்லியாயிற்று.

“அப்புறம் என்ன சார் டிலே? யாரு அப்ரூவல் பெண்டிங்?” என்று கேட்டான்.

“மாடு இன்னும் சொல்லலைங்க” என்றார் பெரியதனம்.

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். பையன் சிரிக்கவில்லை. கொடைக்கானலில் எத்தனையோ பேரிடம் சம்மதம் வாங்கிப் பழகியவன் போலிருக்கிறது. “பேசிப் பாக்கலாமா?” என்றான். பேக்கரி பன் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிடம் நீட்டினான். மாடு தின்றது. இன்னொன்று நீட்டினான். அதையும் தின்றது. பிறகு ராஜமுருகன் தண்ணி தெளித்தார். மாடு அடுத்த பன்னுக்குக் கோகுல்ராஜின் பையை முட்டியது. “ஹார்டு நெகோஷியேட்டர்” என்று சொல்லிவிட்டு, மாட்டோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிப் போய்விட்டான்.

ஊர் அப்படியே நின்றுபோயிற்று. திருவிழாவுக்கு நாள் இல்லை. விழுந்து கிடந்த மரத்தை வெட்ட முடியவில்லை. பால்வாடிக் கூரைக்குத் தகரம் மாற்ற முடியவில்லை. கூட்டம் போட்டுப் போட்டு என் கடையில்தான் டீ ஓடியது. கடைசியில் வேலுச்சாமிதான் எழுந்து சொன்னான்: “எல்லாம் அந்தக் கம்பளியால வந்த கேடு. அதை எடுத்தாச் சாமி தன்னால வழிக்கு வரும்.”

கம்பளி போர்த்தக்கூடாது என்று கருப்பம்மாளுக்கு உத்தரவு போயிற்று. “ஊர் சொன்னா சரிங்க” என்றாள். கம்பளியை மடித்து வைத்துவிட்டு, மாட்டைச் சமையல்கட்டுக்குள் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் கட்டினாள். பரணில் புகை ஏறக் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டுக்குக் கீழே அது படுத்துக்கொண்டது. அடுத்த கூட்டத்துக்கு மாடு பூண்டு வாசமும் புகை வாசமுமாக, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலக் கதகதவென்று வந்து நின்று, அசை போட்டது. பெரியதனத்துக்குக் கோபம் தலைக்கேறியது. “அடுப்படியில கட்டக்கூடாதுன்னு சொல்லலைங்களே” என்றாள் அவள். அந்த முகத்தில் ஒரு துளி எகத்தாளம் இல்லை. அதுதான் எல்லோரையும் பைத்தியமாக்கியது.

இந்தத் தடவை உத்தரவை ஓட்டை இல்லாமல் போட்டார்கள். மாடு கோயில் கம்பத்தில், வெட்டவெளியில், வெறும் முதுகோடு ஒரு ராத்திரி நிற்க வேண்டும். காலையில் கூட்டம். முதல் காரியம், கருப்பம்மாளை மாட்டு வீட்டிலிருந்து நீக்கி வேலுச்சாமி வீட்டில் சேர்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கருப்பம்மாள் தானே மாட்டைக் கூட்டிவந்து கட்டினாள். கட்டிவிட்டு, காலைத் தண்ணீர் முறைக்கு எடுத்துவந்த மண்வெட்டியையும் மடித்த கம்பளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோயில் சுவரோரம் உட்கார்ந்தாள். மாட்டுக்குத்தான் போர்த்தக்கூடாது, இவள் ஏன் போர்த்தாமல் உட்கார்ந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. கூப்பிட்டேன், வரவில்லை.

காலையில் மந்தை வெள்ளையாகக் கிடந்தது. தொட்டித் தண்ணியின் மேல் அப்பளம் போலப் பனி உறைந்திருந்தது. அதை உடைத்து இரண்டு குடம் கொண்டுவந்தார்கள். தெளிப்பதெல்லாம் இல்லை, ராஜமுருகன் ஒரு முழுக் குடத்தை அப்படியே மாட்டின் முதுகில் கவிழ்த்தார். எனக்குக் கடைக்குள் நின்றுகொண்டே உடம்பு விறைத்தது. மாடு ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு கழுத்துத் தோல் துடித்தது, முன்கால் துடித்தது. முழு உடம்பும் சிலிர்த்தது, சிலிர்த்தது, நிறுத்தவே முடியாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“துலுக்கிருச்சு!” ஊரே கத்தியது. வேலுச்சாமி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். நான் பால் சட்டியைப் பார்த்துக்கொண்டேன். அழுதால் அவர்களுக்குத் தெரியக்கூடாது.

“அவ்வளவுதான் தாயி. எல்லாரும் சம்மதம், சாமியும் சம்மதம். கொழுந்தன் வீட்டுக்குப் போ” என்றார் பெரியதனம்.

“ஊர் சொன்னா சரிங்க” என்றாள் கருப்பம்மாள். சுவரோரம் வைத்திருந்த கம்பளியை எடுத்துப்போய் மாட்டுக்குப் போர்த்தினாள். பிறகு மிச்சமிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரியதனத்தின் முன்னால் வந்து நின்றாள். “நானும் ஒரு காரியம் கேட்டுக்கிறலாங்களா?”

ஜெயித்தவர்களுக்கு வரும் பெருந்தன்மை அவருக்கும் வந்தது. “கேளு, கேளு.”

“என் வீட்டையும் ஒரு தலைக்கட்டா எண்ணணும். பெரியதனத்துக்குச் சம்மதங்களா?”

கேட்டுவிட்டு, குடத்தை அவர் தலையில் கவிழ்த்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், கோபத்தில் செய்யவில்லை. சாமிக்கு ஊற்றுவது போலப் பதவிசாக, ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினாள். பெரியதனம் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தோள் குலுங்கியது. தாடை அடித்துக்கொண்டது. வேட்டி உடம்போடு ஒட்டி, அவர் மொத்தமும் மேலிருந்து கீழ் வரைக்கும் சிலிர்த்தார். கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“துலுக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க.”

“ஏய்!” பெரியதனத்தின் குரல் உடைந்து வந்தது. “கு... குளுருது! குளுருக்கு நடுங்குறேன்! சம்மதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!”

அவர் சொன்னது மந்தை முழுக்கக் கேட்டது. ஒவ்வொருத்தராகத் திரும்பி மாட்டைப் பார்த்தார்கள். கம்பளிக்குள் அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அவரும் குளுருக்குத்தாங்க நடுங்குறாரு” என்றாள் கருப்பம்மாள். “இம்புட்டு வருசமும்.”

பிறகு அவள் குரலும் நடுங்கியது. நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. “நானும் இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து சரிங்க, சரிங்கன்னேன். மாட்டேன்னு சொல்லப் பயமா இருந்துச்சு. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்களா?”

வேலுச்சாமிதான் முதலில் சுதாரித்தான். “அப்ப இவ மாட்டு வீட்டுல சேந்ததும் செல்லாதுல்ல!”

“அது செல்லாதுன்னா நீ ரெண்டாவது மடை போட்டதும் செல்லாது” என்றார் ராஜமுருகன். சாம்பாரின் கோபம் அவரை விட்டுப் போயிருந்தது, முகம் வெளுத்திருந்தது. “எதுவுமே செல்லாதுடா. நான்தானே தண்ணி தெளிச்சேன். எங்கப்பா தெளிச்சாரு. எங்க தாத்தா தெளிச்சாரு. குளுருல நின்ன மாட்டுக்கிட்டத்தான் நாம இம்புட்டு நாளும் கேட்டிருக்கோம்.”

நான் கடையிலிருந்து ஒரு பெரிய துப்பட்டியை எடுத்துக்கொண்டு மந்தைக்குள் போனேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பெரியதனத்துக்குப் போர்த்தி, கையில் ஒரு டீயைக் கொடுத்தேன். அவர் பாதி டீயைச் சிந்திப் பாதியைக் குடித்தார். நடுக்கம் நிற்கும் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலைத் தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. நிமிர்ந்து கருப்பம்மாளைப் பார்த்தார்.

“சரி தாயி. நீ சொல்லு. நீ என்ன சொல்றே?”

இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து அவள் தலை பாதி நரைத்துவிட்டது. இந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தர் கேட்டு நான் கேட்டதில்லை. வெள்ளையன்கூடக் கேட்டிருக்க மாட்டான், நல்லவன்தான் என்றாலும். அவள் கண்ணில் தண்ணி நின்றது. ஊர் சொன்னா சரிங்க என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன். சொன்னாள் என்றால் அடுத்த குடம் அவள் தலையில்தான், நானே ஊற்றுவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “யோசிச்சுத்தாங்க சொல்லணும்” என்றாள். “இப்ப எனக்குத் தண்ணி முறை. பாய்ச்சிட்டு வந்து சொல்றேங்க.”

மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் இருந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். என் கடைக்குப் பின்னால் நின்றால் அவள் தாக்கு தெரியும். மடையைத் திறந்தாள். தண்ணி பனியை உடைத்துக்கொண்டு முதல் பாத்திக்குள் போயிற்று. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பாத்தியாக நிறைய விட்டு, மண்ணை அணைத்து, அடுத்ததைத் திறந்தாள். யோசிக்கிறாளா, தண்ணியைத்தான் பார்க்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

மந்தையில் ஒருத்தரும் கலையவில்லை. வெயில் ஏறியது. நான் இரண்டாம் சுற்று டீ போட்டேன். வேலுச்சாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்து, “எனக்குச் சோலி கெடக்கு, நான் வாரேன்” என்றான்.

பெரியதனம் துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருடா. அவ இன்னும் சொல்லலை.”